மஞ்சள், கற்றாழை, தேன், தேனீப் பிசின்: குடல் அழற்சியோடு வாழ்பவர்களின் அனுபவங்கள்

வேனில்:

எனக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி, இரத்தமும் சளியுமாகக் கழியும் நோய். நோயின் பெயர் வெளியே தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஆலோசனைக்குக் குறைவில்லை. வெறும் வயிற்றில் தேன், காலையில் கற்றாழைச் சாறு, எல்லாவற்றுக்கும் மஞ்சள். சொல்கிறவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் செடியின் எந்தப் பகுதி, எத்தனை கிராம், எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரையோடு சேருமா என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. அந்த விவரங்களோடு அனுபவத்தை எழுதத்தான் இந்த இழை. என்னுடையதை முதலில் எழுதுகிறேன்.

மருத்துவரிடம் சொல்லிவிட்டு, குடல் அழற்சியை அடக்க வழக்கமாகக் கொடுக்கும் மெசலமைன் மாத்திரையை நிறுத்தாமல், குர்குமின் எடுத்தேன். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான பொருள் அது. என் மருத்துவர் மறுக்காததற்குக் காரணம் உண்டு. 2006-இல் ஜப்பானில் நோய் அடங்கியிருந்த 89 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. எல்லாரும் வழக்கமான மாத்திரையைத் தொடர்ந்தார்கள். ஒரு பிரிவினர் மட்டும் கூடவே நாளுக்கு 2 கிராம் குர்குமின் எடுத்தார்கள். ஆறு மாதத்தில் குர்குமின் எடுத்த 43 பேரில் 2 பேருக்கும், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த 39 பேரில் 8 பேருக்கும் நோய் திரும்பியது. 2015-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், மெசலமைன் மட்டும் போதாமல் இருந்த 50 பேர் பங்கேற்றார்கள். நாளுக்கு 3 கிராம் எடுத்த 26 பேரில் 14 பேருக்கு ஒரு மாதத்தில் நோய் அடங்கியது. மற்ற 24 பேரில் ஒருவருக்குக்கூட அடங்கவில்லை. அதே குர்குமினை நாளுக்கு 450 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்த இந்திய ஆய்வில் பலன் ஏதும் தென்படவில்லை.

ஆகவே அளவுதான் முக்கியம். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு. 3 கிராம் வேண்டுமென்றால் 100 கிராம் தூளை ஒரே நாளில் விழுங்க வேண்டும். உணவில் சேர்க்கும் மஞ்சள் நல்லதுதான். ஆனால் இந்த ஆய்வுகளைக் காட்டி அதை மருந்து என்று யாரும் சொல்லக் கூடாது.

சில வாரங்களில் கழிப்பறைக்கு ஓடும் அவசரம் எனக்குக் குறைந்தது. மலத்தில் கால்புரோடெக்டின் அளவும் இறங்கியது. குடல் சுவரில் அழற்சி இருந்தால் கூடும் புரதம் அது; நம் உணர்வை நம்பாமல் நோயை அளந்து பார்க்க உதவுகிறது. ஆனால் அதே மாதத்தில் மெசலமைன் அளவையும் மருத்துவர் கூட்டியிருந்தார். எது வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. குர்குமின்தான் காப்பாற்றியது என்று எழுதினால், இதைப் படித்து ஒருவர் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக்கூடும். அந்தப் பொறுப்பு எனக்கு இருக்கிறது.

மிளகின் பைப்பரின் சேர்த்த குர்குமினை நான் தவிர்த்தேன். பைப்பரின், குர்குமின் உடலில் அதிகம் சேரச் செய்யும். வேறு சில மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்திவிடும். இத்தகைய கலவைகளை எடுத்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது.

தேன்கூடு:

வேனில், நான் தேனீ வளர்ப்பவன். என் மகளுக்கும் இதே நோய்தான். அதனால் இரண்டு பக்கமும் நின்று பேசுகிறேன்.

தேனீப் பிசினிலிருந்து தொடங்குகிறேன். தேனீக்கள் மரத்தின் மொட்டிலும் பட்டையிலும் கசியும் பிசினைச் சுரண்டி வந்து மெழுகோடு கலந்து கூட்டின் விரிசல்களை அடைக்கின்றன. பூஞ்சையும் நுண்ணுயிரும் பெருகாமல் கூட்டைக் காப்பதில் அதற்குப் பங்குண்டு. சுற்றிலும் என்ன மரம் நிற்கிறதோ அதைப் பொறுத்து பிசின் மாறும். ஐரோப்பியப் பிசின் பெரும்பாலும் பாப்லர் மரத்திலிருந்து. பிரேசிலின் பச்சைப் பிசின் ஒரு புதர்ச் செடியிலிருந்து. இரண்டிலும் உள்ள வேதிப்பொருள்கள் வேறு வேறு. ஒன்றில் கண்ட பலனை மற்றொன்றின் மேல் ஏற்றிச் சொல்வது தேனீ வளர்ப்பவனுக்கே பொறுக்காத காரியம்.

எலிகளின் குடலில் செயற்கையாகப் புண் உண்டாக்கி, தேனும் பிசினும் கொடுத்து, அழற்சி குறைந்ததைக் காட்டிய ஆய்வுகள் உண்டு. ஆனால் எலியின் குடலில் சில நாளுக்கு வரும் புண் வேறு, மனிதனோடு ஆண்டுக்கணக்கில் கிடந்து அடங்குவதும் எழுவதுமாக இருக்கும் நோய் வேறு. என் கூட்டுத் தேனை என் மகளுக்கு மருந்தென்று கொடுக்க எனக்கு ஆசையில்லாமலா இருக்கும்? இருந்தும் கொடுக்கவில்லை. அவளுக்கு அது உணவு, அவ்வளவே. நோய் அடங்கியிருக்கும்போது ஒரு கரண்டி சாப்பிட்டால் ஒன்றும் செய்வதில்லை. நோய் எழுந்திருக்கும் காலத்தில் அதே ஒரு கரண்டி வயிற்றை உப்பச் செய்து கழிச்சலைக் கூட்டுகிறது. தேனில் குளுக்கோஸைவிட பிரக்டோஸ் அதிகம். பிரக்டோஸ் சரியாக உறிஞ்சப்படாவிட்டால் பெருங்குடலில் புளித்துக் காற்றாகிறது.

பிசின் கரைசலை நாக்கில் ஒரு சொட்டு வைத்ததுமே அவள் உதடு தடித்தது. ஒவ்வாமை. அதோடு நிறுத்திவிட்டோம். ராணித் தேனீயாக வளரும் புழுவுக்குத் தேனீக்கள் ஊட்டும் அரசக் கூழைத் தொடவே விடவில்லை. அதை உட்கொண்டவருக்குப் பெருங்குடலில் இரத்தக் கசிவோடு அழற்சி வந்ததாக 1997-இல் ஜப்பானிலிருந்து ஒரு மருத்துவ அறிக்கை வந்திருக்கிறது. எந்த உறுப்பை ஆற்ற வேண்டும் என்று கொடுக்கிறோமோ, அதே உறுப்பு! தேனீக் கொட்டு வைத்தியம் செய்வதாகச் சொன்னவரையும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். நஞ்சு ஒவ்வாமையால் மூச்சுத் திணறி ஆள் விழுவதை என் தொழிலில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கீற்று:

கற்றாழை பற்றி ஒன்று மட்டும். மடலைக் கீறினால் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக, கசப்பாக ஒரு பால் வடியும். அது கடுமையான பேதி மருந்து. ஏற்கெனவே கழியும் குடலுக்கு எமன். உள்ளே இருக்கும் தெளிந்த சோறு வேறு பொருள். 2004-இல் வந்த ஓர் ஆய்வில் 44 பேர் இருந்தார்கள். அதில் நாளுக்கு இரு வேளை 100 மில்லி கற்றாழைச் சாறு நான்கு வாரம் குடித்த 30 பேரில் 9 பேருக்கு நோய் அடங்கியது. வெற்றுச் சாறு குடித்த 14 பேரில் ஒருவருக்கு. சிறிய ஆய்வுதான். நானும் குடித்துப் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அழற்சியின் அளவும் அப்படியே நின்றது. விட்டுவிட்டேன்.

மருதம்:

உங்கள் மூவருக்கும் கொலைட்டிஸ் அனுபவம். எனக்கு இருப்பது குரோன் நோய். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரும், குடல் சுவரின் முழுத் தடிமனையும் அரிக்கும். எனக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதி தழும்பேறிக் குறுகியிருக்கிறது.

அந்த நிலையில் ஒருவர் இசப்கோல் உமி சாப்பிடச் சொன்னார். கொலைட்டிஸ்காரர்களுக்கு அது நல்ல பொருளாகவே இருக்கலாம். 1999-இல் வந்த 105 பேர் கொண்ட ஸ்பானிய ஆய்வில், நோய் திரும்பாமல் காப்பதில் அதே செடியின் விதை மெசலமைனுக்குப் பெரிதாகப் பின்தங்கவில்லை. ஆனால் உமி நீரை உறிஞ்சிப் பல மடங்கு உப்பும். குறுகிய குடலில் அது அடைப்பாக முடியும். என் மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கியபோது, ஒரே ஆலோசனை இரண்டு நோயாளிகளுக்கு எவ்வளவு வேறுபட்டு முடியும் என்று புரிந்தது.

பறங்கிச் சாம்பிராணி என்கிற குந்திரிக்கப் பிசினையும் எனக்குப் பரிந்துரைத்தார்கள். அழற்சியைத் தூண்டும் ஒரு நொதியை அது தடுக்கிறது என்பது ஆய்வகத்தில் தெரிந்த செய்தி. ஆனால் குரோன் அடங்கியிருப்பவர்களிடம் ஜெர்மனியில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அது வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாக ஒன்றும் செய்யவில்லை. நான் எடுக்கவில்லை. நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் அசதயோபிரின் மருந்தை எடுப்பதால் கல்லீரலுக்கும் வெள்ளணுக்களுக்கும் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை உண்டு. நடுவில் இன்னொன்றைச் சேர்த்தால், எண் மாறும்போது எதைக் குற்றம் சொல்வது?

நெய்தல்:

நான் செவிலியர். அவுரி போன்ற செடிகளின் இலையிலிருந்து எடுக்கும் நீலப் பொடியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சீன மருத்துவத்தில் அதற்குச் சிங்டாய் என்று பெயர். இங்கே பேசியவற்றில் வீரியம் மிகுந்தது அதுதான் என்பேன். ஜப்பானில் 86 பேரிடம் நடந்த ஆய்வில் புண் உண்மையாகவே ஆறியது. ஆனாலும் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். வெளியில் தாமாக வாங்கி அதை எடுத்த ஒருவருக்கு நுரையீரல் தமனியில் இரத்த அழுத்தம் ஏறியது தெரியவந்தது. 2016 டிசம்பரில் ஜப்பானிய சுகாதார அமைச்சு எச்சரிக்கை விடுத்தது. செடிதானே, என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். குடலை ஆற்றும் அளவுக்கு வலு இருந்தால், வேறோர் உறுப்பைத் தாக்கவும் வலு இருக்கும்.

வேனில்:

நெய்தல் அக்கா, இது எனக்குத் தெரியாத செய்தி, மிக்க நன்றி. தேன்கூடு ஐயா, மகளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். இனி எழுதுகிறவர்கள் தயவுசெய்து நான்கைக் குறிப்பிடுங்கள்: கொலைட்டிஸா குரோனா, கூடவே என்ன மருந்து ஓடியது, பொருளின் அளவு என்ன, பரிசோதனை எண் மாறியதா. புட்டியில் பொருள்களின் பட்டியல் இல்லாத பொடியை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்; சிலவற்றில் ஸ்டீராய்டும் ஈயமும் கலந்திருந்தது கண்டறியப்பட்டிருக்கிறது. இரத்தம் நிற்காமல் போனாலோ, காய்ச்சலோடு வயிறு உப்பி வலித்தாலோ இங்கே கேள்வி போட்டுக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.