பத்திரிகைக்குக் கடிதம் எழுத உதவி வேண்டும் (காரைக்குடி பக்கம்)

அண்ணன்மார், ஆச்சிமாருக்கு வணக்கம்.

எங்கள் ஊரில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் பித்தளை அண்டாக்களும் பர்மா தேக்குக் கதவு ஒன்றும் களவு போயின. மறுநாள் மாவட்டப் பதிப்பில் பெரிய தலைப்பு: ‘வடமாநிலக் கும்பல் கைவரிசை’. உள்ளே படித்தால் ‘போலீசார் சந்தேகிக்கின்றனர்’ என்று ஒரே வரி. கடைசியில் பிடிபட்டது பக்கத்து ஊர் ஆட்கள். அது ‘மூவர் கைது’ என்று ஒரு மூலையில் வந்தது, எந்த ஊர் என்றுகூட இல்லை! அதற்குள், எதிர்த்தெருவில் ஆத்தங்குடி கல் பதித்துக்கொண்டிருந்த பீகார் பையன்களை வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

அதே பக்கத்தில் ஒரு நகைச்சீட்டு மோசடிச் செய்தி. அதில் பிடிபட்டவர் மட்டும் ‘பிரபல தொழிலதிபர்’, ‘கைதானார்’. களவுச் செய்தியில் ‘தப்பி ஓடினான்’. இரண்டு வழக்கிலும் தீர்ப்பு வரவில்லை, ஆனால் ‘ஆர்’ விகுதி வசதியுள்ளவருக்குத்தான்.

பத்திரிகைகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் இந்தியப் பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். நாளிதழ் என்றால் செய்தி வந்த 2 மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். கவுன்சில் கண்டிக்கும், அபராதம் போடாது. பரவாயில்லை, கண்டனமாவது அச்சில் வரட்டுமே.

இப்படிப் புகார் கொடுத்தவர்கள் இருந்தால் கடித மாதிரி அனுப்புங்கள். பழைய பேப்பர் கட்டு வைத்திருப்பவர்கள் இதே தினுசுத் தலைப்புகளைத் தேதியோடு படமெடுத்துப் போடுங்கள். வக்கீல்கள் யாராவது சொல்லுங்கள்: அந்தப் பையன்களைப் புகாரில் சேர்த்தால் அவர்களுக்குத் தொந்தரவு வருமா?