நாவலில் வரும் பெரியம்மாவுக்கு நோயின் பெயர் வேண்டுமா?

கொழுந்துக்காரி, கோத்தகிரி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் மையமே ஒரு பெரியம்மாதான். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம். சின்னப் பிள்ளையாகத் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வாழ்க்கைப்பட்டவள். தேயிலை பறிப்பவள்.

அவள் நடந்துகொள்ளும் விதம்தான் என் கேள்வி. பக்கத்து வீட்டுக்காரியை ஒரு நாள் "நீதான்டி என் கூடப்பிறந்தவ" என்று கட்டிக்கொள்வாள். அவள் இவளை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டால் போதும், லயம் முழுக்கக் கேட்கிற மாதிரித் திட்டுவாள், பிறகு முகத்தைக்கூடப் பார்க்கமாட்டாள். மகன் திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்பினால் சோறு தண்ணி இறங்காது. அவன் போனை எடுக்கும்வரை விடாமல் அடிப்பாள். எடுத்ததும் "இனி நீ என் பிள்ளையே இல்லை" என்று வைத்துவிடுவாள். அப்புறம் ராத்திரி முழுக்க அழுகை.

கையெழுத்துப் பிரதியைப் படித்த தோழி, "இது பார்டர்லைன், ஒரு டாக்டரைக் கொண்டுவந்து சொல்ல வை" என்கிறாள். இன்னொருவர் "சுத்த நார்சிசிஸ்ட்" என்கிறார். எனக்கு இந்தப் பெரியம்மாவை ரொம்பப் பிடிக்கும். அவளை வெறும் நோயாக யாரும் படித்துவிடக் கூடாது. தப்பாகவும் எழுதக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதை, உதகை:

நான் மருத்துவ உளவியலாளர். கூடலூர், பந்தலூர் பக்கம் முகாம்களுக்கும் போகிறேன். உங்கள் பெரியம்மா என் முன்னால் வந்து உட்கார்ந்தால் என்ன கேட்பேன் என்று சொல்கிறேன், எழுத உதவும்.

முதல் கேள்வி: எப்போதிலிருந்து இப்படி? உங்கள் நண்பர்கள் சொன்ன பார்டர்லைன், நார்சிசிஸ்ட் இரண்டுமே ஆளுமைக் கோளாறு வகைகள். ஆளுமைக் கோளாறு என்பது திடீரென்று நாற்பது வயதில் முளைப்பதில்லை. வளரிளம் பருவத்திலோ இருபதுகளிலோ தொடங்கி, வருடக்கணக்கில் தொடர்ந்து வருவது. புருஷன் இறந்த பிறகுதான் இப்படி என்றால் துக்கம், மனச்சோர்வு என்றுதான் முதலில் யோசிப்பேன். தைராய்டும் பார்க்கச் சொல்வேன்.

இரண்டாவது: எங்கெல்லாம் இப்படி? வீட்டில் மட்டுமா, இலை எடை போடும் இடத்திலும் மேஸ்திரியிடமும் இப்படித்தானா? மகனிடம் மட்டும்தான் என்றால் அது அந்த உறவின் சிக்கல். போகிற இடமெல்லாம் ஒரே மாதிரி முறிகிறது, அதனால் அவள் வாழ்க்கையே நொறுங்குகிறது என்றால்தான் கோளாறு என்ற பேச்சு. சினிமாவில் ஒரே காட்சியில் கண்ணை உருட்டிக் காட்டிவிடுகிறார்கள். உங்களிடம் முழு நாவல் இருக்கிறது, இருபது வருடத்தைக் காட்டலாம். அந்த வசதியை விட்டுவிடாதீர்கள்.

2013-இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேடு டிஎஸ்எம்-5 பத்து வகை ஆளுமைக் கோளாறுகளைச் சொல்கிறது. அதில் பார்டர்லைனுக்கு ஒன்பது அறிகுறிகள், குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். கைவிடப்படுவோமோ என்ற பயம், தலையில் தூக்கிவைத்துப் பிறகு போட்டு உடைக்கிற உறவுகள், அடங்காத கோபம், உள்ளே எப்போதும் ஒரு வெறுமை, தன்னையே காயப்படுத்திக்கொள்வது எல்லாம் அதில் வரும். நீங்கள் எழுதியிருப்பது அந்தப் பக்கம்தான் சாய்கிறது. நார்சிசிஸ்ட் என்றவரிடம் இதைக் கேளுங்கள்: அவள் எதற்குத் துடிக்கிறாள்? தன்னை எல்லோரும் மெச்சவில்லை என்றா, தன்னை விட்டுப் போய்விடுவார்கள் என்றா? வெளியே தெரிகிற கோபம் ஒன்றாக இருக்கலாம், வேர் வேறு.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022-இல் நடைமுறைக்கு வந்தபோது இந்தப் பழைய வகைகளைப் பெரும்பாலும் கைவிட்டு, லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்று அளக்கச் சொன்னது. பார்டர்லைன் பாங்கு என்று கூடுதலாகக் குறிப்பிட மட்டும் இடம் வைத்தது. எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. வகையின் பெயர் சொன்னதும் வீட்டார் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். "எவ்வளவு கஷ்டப்படுகிறாள்?" என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

கப்பல் பயணத்தை மட்டும் காரணமாக்கிவிடாதீர்கள். பிறவியிலேயே எளிதில் கலங்கும் மனம், சிறுவயதில் பட்டது, வளர்ந்த வீடு எல்லாம் சேர்ந்துதான் ஒருவரை இப்படி ஆக்குகிறது. அதே கப்பலில் வந்த அவளுடைய தங்கை அமைதியானவளாக இருக்கட்டுமே.

கொடைக்கானல் வண்டிக்காரன்:

சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன். குணா குகைக் கம்பி வேலி பக்கத்தில் நின்றுகொண்டு, 1991-இல் வந்த அந்தப் படத்தின் நாயகனுக்கு என்ன வியாதி என்று வருகிறவர்கள் கேட்காத நாளில்லை. பாதிப் பேர் "சைக்கோ" என்று சொல்லிவிட்டு செல்பி எடுக்கப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே வலிக்கும். உதகை மேடத்திடம் ஒரு சந்தேகம்: 2005-இல் வந்த அந்நியனில் ஒருவனுக்குள் மூன்று பேர் இருப்பார்களே, அதுவும் இந்த ஆளுமைக் கோளாறுதானா?

மலைப்பாதை, உதகை:

இல்லை தம்பி. நல்ல வேளை கேட்டீர்கள், நிறையப் பேர் இரண்டையும் ஒன்றாக்குகிறார்கள். ஒருவருக்குள் பல பேர் இருப்பதாகத் தோன்றுவது விலகல் கோளாறுகள் என்ற தனிக் குடும்பம். பல ஆளுமைக் கோளாறு என்ற அதன் பழைய பெயரை 1994-லேயே அமெரிக்கக் கையேட்டில் மாற்றிவிட்டார்கள். மனச்சிதைவு இன்னொன்று, இல்லாத குரல் கேட்பது அதில் வரும். ஆளுமைக் கோளாறு உள்ளவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டு ஆள் மாதிரிதான் இருப்பார். அதனால்தான் "வேணும்னே பண்றா" என்று பேர் வாங்குகிறார்.

குன்னூர் அக்கா:

என் தங்கைக்கு இருப்பது பார்டர்லைன். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் "திமிர்" என்றார்கள். அப்புறம் மந்திரித்தார்கள், கல்யாணம் பண்ணினால் சரியாகும் என்றார்கள். கையில் வெட்டுக்காயம் பார்த்த பிறகுதான் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனோம். கொழுந்துக்காரி அக்கா, பெரியம்மாவை வெளியிலிருந்து மட்டும் எழுதாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நான் போனை எடுக்காத பத்து நிமிஷத்தில் என் தங்கைக்கு "அக்கா கோபத்தில் இருக்கிறாள்" என்று தோன்றாது. "அக்கா இனி இல்லை, நான் தனி" என்றே தோன்றும். அந்தப் பயம் நிஜம். அதிலிருந்து வருகிற வார்த்தைதான் அசிங்கமாக இருக்கும். கத்தி முடித்ததும் அவளுக்கு வருகிற வெட்கத்தை நான் பார்த்திருக்கிறேன், எங்கள் யார் திட்டும் அவளை அந்த அளவுக்குச் சுட்டதில்லை.

இன்னொன்று, குணமே ஆகாது என்று எழுதிவிடாதீர்கள். இதற்கென்றே டிபிடி என்ற பேச்சுச் சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லைனஹன், தானும் இளம் வயதில் மனநல மருத்துவமனையில் இருந்தவர்தான் என்று 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். கோபம் உச்சத்துக்கு ஏறும்போது முகத்தை ஐஸ் தண்ணீரில் வைப்பது அந்தச் சிகிச்சையில் சொல்லித்தருவது. ஜனவரியில் எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரே போதும். தங்கை இப்போது வேலைக்குப் போகிறாள். சண்டை வருகிறது, முன்பு போல் வாரக்கணக்கில் நீள்வதில்லை.

கொழுந்துக்காரி, கோத்தகிரி:

குன்னூர் அக்கா, உங்கள் தங்கைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இரவு அழுகிற இடத்தை அவள் உள்ளிருந்து எழுதப் போகிறேன். நோயின் பெயரை நாவலில் யாரும் சொல்லப்போவதில்லை. மேடம், கடைசியாக ஒன்று. லயத்தில் இருக்கிற பெண் நிஜத்தில் எங்கே போவாள், அங்கே என்ன நடக்கும்?

மலைப்பாதை, உதகை:

மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் பார்க்கலாம். போக முடியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். ஆனால் முதல் நாளே பெயர் சூட்டுகிற டாக்டரை எழுதாதீர்கள், பல முறை பார்த்துப் பேசித்தான் முடிவு செய்வோம். மகனையும் அழைத்துக் கேட்போம். ஒரு மாத்திரையில் தெளிந்துவிட்டாள் என்றும் வேண்டாம். கூட இருக்கிற மனச்சோர்வுக்கோ தூக்கத்துக்கோ மருந்து தருவோம், முக்கியமான சிகிச்சை பேச்சுதான். அதற்கு அவள் வாராவாரம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வர வேண்டும். மேஸ்திரியிடம் என்ன சொல்லி விடுப்புக் கேட்பாள் என்பதை யோசியுங்கள்.