சுருளிப்பட்டி சொந்தங்கள் குழு: சின்னம்மாவுக்கு எங்கே வலிக்கிறது?

தங்கச்சி (சின்னம்மா மகள்): அம்மாவுக்கு இடுப்பு வலி குறையவே இல்லை. இன்றைக்குத் தோட்டத்திலிருந்து வந்து ஜீப்பை விட்டு இறங்கும்போது இரண்டு பேர் கைத்தாங்கலாகத்தான் இறக்கிவிட்டார்கள். நல்ல டாக்டர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.

குமுளி மாமா: டிஸ்க்தான், முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு, சந்தேகமே வேண்டாம். எனக்கும் கீழ்முதுகில் எல்4 எல்5 எலும்புக்கு நடுவில் இப்படித்தான் ஆரம்பித்தது. ஏலச்சரம் தரையோடு தரையாகக் கிடக்கும், நாள் முழுக்க செடி அடியில் குனிந்து காய் எடுத்தால் டிஸ்க் பிதுங்காமல் என்ன செய்யும்? உங்கம்மாவை இங்கே அனுப்பு. சவிட்டி உழிச்சல், அதாவது மேலே ஏறிக் காலால் மிதித்துத் தேய்த்துவிடுவது, பண்ணுகிற ஆசான் ஒருவர் இருக்கிறார், ஏழு நாளில் எழுந்து நடக்க வைத்துவிடுவார்.

கூடலூர் சித்தப்பா: உழிச்சலுக்கு முன்னால் ஒரு ஸ்கேன் பாருங்கள் அண்ணே. நானும் இடுப்பு பிடித்துக்கொண்டது என்றுதான் தைலமாகத் தேய்த்தேன், கடைசியில் சிறுநீரகக் கல்.

என் அம்மா: கல் வலி அலை அலையாக வரும், எப்படிப் படுத்தாலும் அடங்காது, வாந்தியும் வரும். இவளுக்கு உட்கார்ந்தால் சும்மாதானே இருக்கிறாள். எதற்கும் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இரு என்றால் கேட்கிறாளா.

கோவை தம்பி: எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பிசியோ மதினி: இப்போதுதான் டூட்டி முடிந்து பார்க்கிறேன். யாரும் எதையும் முடிவு பண்ணாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். தம்பி, நீ நல்ல மனசோடு சொல்கிறாய், ஆனால் எதற்கு ஸ்கேன், முதுகுக்கா தொடை மூட்டுக்கா? அத்தை வயதில் முதுகை ஸ்கேன் எடுத்தால் ஏதாவது ஒரு பிதுக்கம் தெரியத்தான் செய்யும். 2015-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு இதுதான் காரணம் என்று ஆறு மாதம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்போம். தங்கச்சி, நான் கேட்கிறதை அத்தையிடம் கேட்டுச் சொல். வலிக்கிற இடத்தை ஒரு விரல் வைத்துக் காட்டச் சொல், பின்பக்கமா, பக்கவாட்டா, முன்பக்கம் தொடை இடுக்கிலா? முட்டிக்குக் கீழே பாதம் வரை மின்சாரம் மாதிரி இழுக்கிறதா, இருமினால் தும்மினால் கூடுகிறதா? அப்புறம் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரியில் வியர்வை ஏதாவது? ஒன்றுக்குப் போவதில் சிரமம், உட்காருகிற இடம் மரத்துப்போகிறது, இதெல்லாம் இருக்கிறதா? கடைசியில் கேட்டது இருந்தால் விடியும்வரைகூட காத்திருக்கக் கூடாது, இப்போதே கிளம்ப வேண்டும்.

குமுளி மாமா: இத்தனை கேள்வி டாக்டர்கூட கேட்கமாட்டார்.

பிசியோ மதினி: அதனால்தான் அப்பா நான் கேட்கிறேன்.

தங்கச்சி: கேட்டுவிட்டேன் மதினி. காய்ச்சல் இல்லை, எடை அப்படியே இருக்கிறது. ஒன்றுக்குப் போவதில் ஒன்றுமில்லை, மரத்துப்போகவும் இல்லை. இருமினால் கூடவில்லை, காலுக்கு இழுக்கவும் இல்லை. ஆனால் விரல் வைத்ததைப் பார்த்தால் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முதுகே இல்லை, வலது தொடை இடுக்கில் முன்பக்கம் வைக்கிறார்கள், அப்புறம் கையை அப்படியே பின்னால் கொண்டுபோய் இங்கேயும்தான் என்கிறார்கள். ஜீப் படியில் ஏற வலது காலைத் தூக்கத்தான் முடியவில்லையாம், கையால் பிடித்துத் தூக்கி வைக்கிறார்களாம். சம்மணம் போட்டு உட்கார்ந்து நாளாகிவிட்டது, காய் எடுக்கும்போதுகூட ஒரு காலை நீட்டிக்கொண்டுதான்.

பிசியோ மதினி: சரி, இப்போது புரிகிறது. இது தண்டுவடத்தைவிட தொடை எலும்பின் தலை உட்காருகிற பந்துக்கிண்ண மூட்டு மாதிரிதான் தெரிகிறது. அந்த மூட்டு கெட்டால் பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் வலிக்கும், சிலருக்கு முட்டியில்கூட வலிக்கும், முட்டியைப் பிடித்துக்கொண்டே அலைவார்கள். பக்கவாட்டு எலும்பில் மட்டும் வலித்து அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாவிட்டால் அது வேறு, அங்கே தசைநாண் பிரச்சினை, நாற்பது தாண்டிய பெண்களுக்கு அதிகம். பின்புறம் பெல்ட்டுக்குக் கீழே குழிவிழுகிற இடத்தில் ஒரு பக்கம் மட்டும் என்றால் இடுப்புக்கூட்டு மூட்டைப் பார்ப்போம். அத்தைக்கு இதெல்லாம் பொருந்தவில்லை. இன்னொன்று கேட்க வேண்டும், மூட்டு வலிக்கோ மூச்சிரைப்புக்கோ மாத்திரை ஏதாவது நாள்பட சாப்பிட்டார்களா?

தங்கச்சி: மூட்டு வலிக்கு மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிட்டார்கள், சின்ன மாத்திரை. சாப்பிட்டால் உடனே பறக்கிற மாதிரி இருக்கும் என்பார்கள். முகம்கூட உப்பியிருந்தது. அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

பிசியோ மதினி: டெக்சாமெத்தசோன். ஸ்டீராய்டு. நான் பயந்தது இதற்குத்தான். இதை நாள்கணக்கில்லாமல் சாப்பிட்டால் தொடை எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போகலாம், அதிகமாகக் குடிக்கிறவர்களுக்கும் அதே கதைதான். இருக்கிறது என்று சொல்லவில்லை, இல்லை என்று உறுதி பண்ண வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மூட்டைக் காப்பாற்ற வழி உண்டு, தலை நசுங்கிய பிறகு பெரும்பாலும் மூட்டு மாற்று அறுவைதான். இப்போதும் சாப்பிடுகிறார்களா?

தங்கச்சி: போன வாரம் வரை அவ்வப்போது போட்டார்கள்.

பிசியோ மதினி: அப்படியானால் அட்டையோடு டாக்டரிடம் காட்டுங்கள். ரொம்ப நாள் சாப்பிட்டதை நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, அவர்கள்தான் குறைத்துக் கொடுக்க வேண்டும். முதலில் இரண்டு தொடை மூட்டும் தெரிகிற மாதிரி ஒரு எக்ஸ்ரே. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல்கூட இருக்கும், அப்போது தொடை மூட்டுக்கு எம்.ஆர்.ஐ. தம்பி, உன் பணம் அதற்கு உதவும்.

குமுளி மாமா: அப்போது உழிச்சல் வேண்டாம் என்கிறாய்.

பிசியோ மதினி: முறிவெண்ணெய் தடவுங்கள், கொட்டஞ்சுக்காதி தைலம் தடவுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, சதைப்பிடிப்புக்கு இதமாக இருக்கும். ஆனால் எலும்பு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் அதன் மேல் ஏறி மிதிக்க விடமாட்டேன், ஆசானே வந்தாலும்.

கோவை தம்பி: மதினி, கேட்கிறதோடு கேட்டுவிடுகிறேன். எனக்கும் காலையில் எழுந்தால் முதுகு கட்டைபோல இருக்கிறது, முக்கால் மணி நேரம் ஆகும், ஆபீஸ் போய் நாலு தடவை மாடி ஏறினால் சரியாகிவிடும். நாற்காலியால்தானே?

பிசியோ மதினி: நாற்காலி வலி உட்கார உட்காரக் கூடும், அசைந்தால் குறையும், அது சரிதான். ஆனால் தூங்கி எழுந்ததும் அரை மணிக்கு மேல் விறைப்பு, அதுவும் முப்பது வயதுக்குள் என்றால் முதுகெலும்பு வாதம் இருக்கலாம். ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு வலியில் விழிப்பு வருகிறதா, கண் சிவந்து வலித்திருக்கிறதா? மூட்டு வாத நிபுணர் ஒருவரைப் பார், எச்.எல்.ஏ.பி.27 ரத்தப் பரிசோதனை எழுதுவார். தனியாகப் பேசலாம்.

நான்: க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்கு நாளைக்கே கூட்டிக்கொண்டு போகலாம், கார் நான் எடுக்கிறேன். ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, மாத்திரை அட்டை எல்லாம் ஒரு பையில் போட்டு வை.

தங்கச்சி: அம்மா வரமாட்டேன் என்கிறார்கள் அண்ணா. நாளைக்குக் காய் எடுப்பு, ஜீப்பில் ஆள் குறைந்தால் கங்காணி சத்தம் போடுவாராம்.

என் அம்மா: கங்காணியிடம் நான் பேசுகிறேன். போனை அவளிடம் கொடு.

குமுளி மாமா: சரி, எனக்கும் ஒரு சந்தேகம். கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு காலும் கனத்து மரத்துப்போகிறது, திண்ணையில் குனிந்து உட்கார்ந்தால் சரியாகிறது. இதுவும் பழைய டிஸ்க்தானே?

பிசியோ மதினி: அப்பா, இதை ஏன் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை? தண்டுவடக் குழாய் சுருங்கினால் அப்படித்தான் இருக்கும், குனிந்தால் இடம் கிடைக்கும், அதனால் குறையும். ஆனால் உங்கள் பீடிக்கு காலின் ரத்தக்குழாய் அடைப்பும் இருக்கலாம், பாதத்தில் நாடித்துடிப்பு பார்க்க வேண்டும். காலையில் முதல் பஸ்ஸில் கம்பம் இறங்குங்கள், அதே காரில் ஏறிக்கொள்ளலாம்.

குமுளி மாமா: கடையை யார் திறப்பது?

குமுளி அத்தை: நான் திறக்கிறேன். நீங்கள் கிளம்புங்கள்.