மரபணுக் குறிப்பானா, அண்டைக்குறியா?

அனைவருக்கும் வணக்கம்.

கோதுமைத் துருநோய் பற்றிய பாடம் திங்களன்று அச்சுக்குப் போகிறது. மற்ற ஆங்கிலக் கலைச்சொற்களுக்குத் தமிழ் அமைந்துவிட்டது. செடியில் ஒரு மரபணு இருக்கிறதா என்று காட்டும் அடையாளமான 'மார்க்கர்' (marker) ஒன்றுதான் பாக்கி. 'மரபணுக் குறிப்பான்' என்றே போட்டுவிடலாம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒரு செடியை வைத்தே சொல்கிறேன். எஸ்ஆர்2 என்னும் மரபணு தண்டுத்துருவைத் தாங்க உதவுவது. ஆனால் இளம்பயிரில் அதன் வேலை தெரியாது, வளர்ந்த செடியில்தான் தெரியும். அது இருக்கும் கோதுமையில் பெரும்பாலும் கதிரின் உமியிலும் தண்டிலும் கரி பூசினாற்போல் ஒரு கறுப்பு ஏறும். டிஎன்ஏ சோதனை வருவதற்கு முன் அந்தக் கறுப்பைப் பார்த்துச் செடியைப் பொறுக்கினார்கள். சூழலைப் பொறுத்து அது மங்கியும் போகும். இப்போது இளம்பயிரின் இலைத்துண்டு ஒன்று போதும். மரபணுவை ஒட்டியிருக்கும் டிஎன்ஏ வரிசையைப் பார்த்து, உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். அந்த வரிசை எதிர்ப்பைத் தருவதில்லை. அது பக்கத்து வீடு, அவ்வளவுதான். தலைமுறை மாறும்போது இரண்டும் பிரிந்தும் போகலாம்: குறி நிற்கும், மரபணு போயிருக்கும். 'மரபணுக் குறிப்பான்' என்றதும் மாணவர்கள் மரபணுவேதான் குறிப்பான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆண்டுதோறும் வகுப்பில் இதைத் திருத்துகிறேன். ஆகவே 'அண்டைக்குறி'.

'குறிப்பான்' என்பதன் ஈற்றிலுள்ள 'ஆன்' ஆண்பால் விகுதியாயிற்றே என்ற தடை எனக்கில்லை. குப்பியின் அடைப்பானை யாரும் ஆண் என்று நினைப்பதில்லை. மார்க்கருக்கு நம் குழுவிலுள்ள அம்மா சொன்ன 'பொறி' அழகான சொல். சேரன் இமயத்தில் வில்லைப் பொறித்தானே, அந்தப் பொறி. ஆனால் இன்று பொறி என்றால் எந்திரம்தான் நினைவுக்கு வருகிறது.

*

> ஆகவே 'அண்டைக்குறி'.

தம்பி, இலைத்துருவைத் தாங்க உதவும் எல்ஆர்34 மரபணுவை என்ன செய்வீர்கள்? 2009-இல் அந்த மரபணுவையே இனங்கண்டுவிட்டார்கள். அதன் உள்ளிருந்தே மார்க்கர் எடுக்கிறார்கள். உள்ளே இருப்பது எப்படி அண்டையாகும்? 'மரபணுக் குறிப்பான்' இரண்டாம் வேற்றுமைத் தொகை, மரபணுவைக் குறிப்பது என்று விரியும். மாணவர் அதை மரபணுவாகிய குறிப்பான் என்று இருபெயரொட்டாக விரித்தால் குற்றம் சொல்லின் மீதல்ல, நாம் தொகையைச் சொல்லிக்கொடுக்காததில் இருக்கிறது.

அப்புறம், போகிற போக்கில் ஒன்று. புறத்தே வயிரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளதைப் புல் என்கிறது தொல்காப்பியத்தின் மரபியல் என்னும் இயல். கோதுமையும் தாவரவியலில் புல்லினமே. 'மரபு' என்ற சொல்லை அங்கிருந்து எடுத்துக்கொண்ட நாம் இதையும் முதல் பக்கத்தில் சேர்க்கலாமே?

*

ஐயா, எல்ஆர்34 பற்றிய தடைக்கு என்னிடம் பதில் இல்லை. தொகை விளக்கத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. வேளாண் மாணவர் இலக்கணக் குறிப்பு எழுதிப் பார்த்துவிட்டு ஆய்வகத்துக்குள் போவதில்லை.

சரி, நேரமில்லை. பெரும்பான்மைப்படி மார்க்கரைக் 'குறிப்பான்' என்றும், அதைப் பார்த்துச் செடியைப் பொறுக்குவதைக் 'குறிப்பான்வழித் தேர்வு' என்றுமே அச்சுக்கு அனுப்புகிறேன். முன்னால் 'மரபணு' வேண்டாம். எஸ்ஆர்2 பத்தியில் மட்டும் 'அண்டைக் குறிப்பான்' என்று எழுதியிருக்கிறேன். அதை நீக்கச் சொல்லாதீர்கள். புல் பற்றிய வரியை முதல் பக்கத்தில் சேர்த்துவிட்டேன்.