டெக்சாஸில் சர்ஜிக்கல் டெக் வேலை: உண்மையில் கையில் எவ்வளவு வரும்?

கொங்குமகள் (டாலஸ்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி படித்துவிட்டு நான்கு வருடம் ஒரு தனியார் மருத்துவமனையில் எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் இருந்தேன். கடைசியாக வாங்கிய சம்பளம் மாதம் 19,000 ரூபாய். கல்யாணமாகி இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம்தான் எச்4 ஈ.ஏ.டி., அதாவது கணவரின் விசாவில் வந்தவர்கள் இங்கே வேலை பார்ப்பதற்கான அனுமதி, கைக்கு வந்தது.

வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கம்யூனிட்டி காலேஜில் சர்ஜிக்கல் டெக்னாலஜி சொல்லித் தருகிறார்கள், ஆபரேஷனுக்குக் கருவிகளைத் தயார் செய்து சர்ஜனுக்கு எடுத்துக் கொடுக்கும் சர்ஜிக்கல் டெக் வேலைக்கான படிப்பு. சம்பளம் என்று தேடினால் ஓர் இடத்தில் 45 ஆயிரம் டாலர், இன்னோர் இடத்தில் 90 ஆயிரம் என்று இருக்கிறது. எதை நம்புவது? என் பட்டத்தை வைத்து நேராக வேலைக்குப் போக முடியாதா? பையனுக்கு மூன்று வயது. டே கேருக்குக் கொடுத்தது போக ஏதாவது மிஞ்சுமா என்று தெரிந்தால்தான் வீட்டில் பேச முடியும்.

பேக்டேபிள் (ஹூஸ்டன்):

தங்கச்சி, நான் 11 வருடமாக ஸ்க்ரப் செய்கிறேன், அதாவது ஆபரேஷனில் சர்ஜன் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கிறேன். முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே சர்ஜிக்கல் டெக் சான்றிதழுக்கான சி.எஸ்.டி. தேர்வு எழுத வேண்டுமானால் சி.ஏ.ஏ.எச்.ஈ.பி. அல்லது ஏ.பி.எச்.ஈ.எஸ். அங்கீகாரம் உள்ள படிப்பை முடித்திருக்க வேண்டும். கோவைப் பட்டம் அதற்குப் போதாது. டெக்சாஸில் 2009-ல் கொண்டுவந்த சட்டத்தால், சில விலக்குகள் போக, மருத்துவமனைகள் சான்றிதழ் உள்ளவர்களைத்தான் எடுக்க வேண்டும். அதனால் திரும்பப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் உங்கள் மார்க் ஷீட்டை மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். அனாட்டமி மாதிரிப் பாடங்களில் விலக்கு கிடைத்தால் ஒரு செமஸ்டர் பணமாவது மிச்சம். சேர்வதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

இனி சம்பளம். தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே கணக்குப்படி நாடு முழுவதற்கும் இடைநிலை வருமானம் 62,830 டாலர். பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே. வருடத்துக்கு 2,080 மணி நேரம் என்று வகுத்துப் பார்த்தால் மணிக்கு 30 டாலர் சொச்சம். ஆனால் இதில் இருபது வருட அனுபவக்காரரும் இருக்கிறார். புதிதாகச் சேரும்போதே அது கிடைக்கும் என்று வீட்டுக் கணக்கு போடாதீர்கள். நான் 2014-ல் மணிக்கு 17.50-க்குச் சேர்ந்தேன். இப்போது 35.

அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் நடந்ததைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். முதல் மருத்துவமனையில் ஆறு வருடம் இருந்தேன். வருடா வருடம் 40 சென்ட், 50 சென்ட் ஏற்றுவார்கள். நம்மை நம்பி அறையைக் கொடுக்கிறார்கள், நல்ல டாக்டர்கள், இதைவிட என்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன். ஆறாம் வருடம் ஒரு பெண் வந்தாள், ஒரே ஒரு வருட அனுபவம். மேயோ ஸ்டாண்டில் (கருவிகள் வைக்கும் சின்ன மேசை) அடுக்குவதிலிருந்து நான்தான் பழக்கினேன். ஒரு நாள் சாப்பிடும்போது பேச்சு வந்தது. அவளுக்கு என்னைவிட மணிக்கு 1.75 டாலர் அதிகம். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மேனேஜரிடம் போனேன், பட்ஜெட் இல்லை என்றார். மூன்று மாதத்தில் வேறு இடத்துக்கு மாறினேன், ஒரே நாளில் 4.20 டாலர் ஏறியது. என் சம்பளத்தில் பெரிய உயர்வு எல்லாமே இடம் மாறியபோது வந்ததுதான். அந்த ஆறு வருடம் எனக்கு இன்னும் வலிக்கிறது. நீங்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது வெளியே என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

அப்புறம் ஆன்-கால், அதாவது வேலை நேரம் போக, கூப்பிட்டால் உடனே வரத் தயாராக இருப்பது. உங்கள் முடிவே இதில்தான் இருக்கிறது. எங்களிடம் வீட்டில் காத்திருக்கும் நேரத்துக்கு மணிக்கு 4 டாலர். கூப்பிட்டால் ஒன்றரை மடங்கு, அரை மணியில் கேஸ் முடிந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தருவார்கள். போன வருடம் இதில் மட்டும் எனக்கு 9,000 டாலருக்குப் பக்கத்தில் வந்தது. ஆனால் கூப்பிட்ட 30 நிமிடத்தில் நீங்கள் ஆபரேஷன் அறையில் நிற்க வேண்டும். ராத்திரி 2 மணிக்கு வயிற்று ரத்தக்குழாய் வெடித்த கேஸ், முடித்துவிட்டு காலை 7:30-க்கு வழக்கமான முதல் கேஸ், இப்படிப் பல நாள் போயிருக்கிறது. உங்கள் கணவர் ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில் பையனை யார் கையில் விட்டுவிட்டு ஓடுவீர்கள்? அதை யோசித்துவிட்டு 90 ஆயிரத்தைப் பாருங்கள். அந்த எண்ணைத் தொடுகிறவர்களில் நான் அறிந்த எல்லாருமே ராத்திரிகளைக் கொடுத்துத்தான் தொடுகிறார்கள்.

இதய ஆபரேஷன் அறையில் கூடுதலாகத் தருவார்கள், ஆள் கிடைப்பதில்லை. அங்கே ஆன்-கால் இன்னும் அதிகம். உங்களுக்கு எலும்பு கேஸ் கைவந்த விஷயம். முழங்கால் மாற்றுக்கு எத்தனை கருவி ட்ரே திறக்க வேண்டும் என்று தெரிந்த ஆளை எந்த மேனேஜரும் விடமாட்டார். இன்டர்வியூவில் உங்கள் நான்கு வருடத்தையும் அனுபவமாகக் கணக்கில் எடுப்பார்களா என்று நேராகக் கேளுங்கள். எச்.ஆரில் சான்றிதழ் தேதியிலிருந்துதான் எண்ணப் பார்ப்பார்கள். ஒத்துக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள்.

மதுரைவாசி (சாக்ரமெண்டோ):

கலிஃபோர்னியாவில் எனக்கு மணிக்கு 44. கேட்க நன்றாக இருக்கும். மாநில வருமான வரி உண்டு, டெக்சாஸில் அது இல்லை. இரண்டு படுக்கையறை வீட்டுக்கு நான் கொடுக்கும் வாடகையைச் சொன்னால் யாரும் இங்கே வரமாட்டார்கள். டிராவல் கான்ட்ராக்ட் (வேறு ஊருக்குப் போய்க் கொஞ்ச காலம் வேலை பார்ப்பது) பற்றியும் கேள்விப்படுவீர்கள். பெரும்பாலும் 13 வாரம், தொகை பெரிதாகத் தெரியும். அதில் ஒரு பங்கு தங்கும் செலவுக்கான படி. சொந்த ஊரில் ஒரு வீட்டை வைத்துச் செலவு செய்துகொண்டிருந்தால்தான் அதற்கு வரி இல்லை. குழந்தையோடு அந்தப் பக்கம் இப்போதைக்கு வேண்டாம்.

காவேரிக்கரை (ஆஸ்டின்):

நான் சர்ஜரி சென்டரில் இருக்கிறேன், ஆபரேஷன் முடிந்த அன்றே நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் இடம். காலை 6 முதல் 2:30 வரை. ஆன்-கால் இல்லை, சனி ஞாயிறு இல்லை. மருத்துவமனையைவிட மணிக்கு 2 டாலர் குறைவாக ஒத்துக்கொண்டு வந்தேன், என் மகளை நானே பள்ளியிலிருந்து கூட்டி வருகிறேன். ஒரு விஷயம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்: கேஸ் சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. சில வாரம் எனக்கு 33 மணி நேரம்தான் வரும். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் உறுதி உண்டா என்று கேட்காமல் கையெழுத்து போடாதீர்கள்.

கொங்குமகள்:

ரொம்ப நன்றி. ஆன்-கால் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. கோவையில் ராத்திரி கூப்பிட்டால் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடலாம், இங்கே அது முடியாது. முதலில் சர்ஜரி சென்டரைப் பார்க்கட்டுமா? இல்லை, மருத்துவமனையில் தொடங்குவதுதான் நல்லதா?

பேக்டேபிள்:

முடிந்தால் முதல் ஒரு வருடம் மருத்துவமனை. எல்லா வகைக் கேஸும் கண்ணில் படும், பின்னால் பேரம் பேசத் தைரியம் வரும். ஆன்-கால் குறைவாக உள்ள இடமாகத் தேடுங்கள், மாதத்துக்கு எத்தனை நாள் என்று ராஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள். சேரும்போது போனஸ் கொடுத்தால் எத்தனை வருடத்துக்குக் கட்டுப்படுத்துகிறார்கள், நடுவில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று படித்துப் பாருங்கள்.

டே கேர் கணக்கை வேலைக்குப் போகும் நாளிலிருந்து போடாதீர்கள், படிப்பிலிருந்தே போடுங்கள். 120 கேஸ் ஸ்க்ரப் செய்தால்தான் படிப்பை முடிக்கலாம். அந்தக் கிளினிக்கல் (மருத்துவமனைப் பயிற்சி) மாதங்களில் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும், சம்பளமும் கிடையாது. காலை 6 மணிக்கு முன் திறக்கும் டே கேர் உங்கள் பக்கம் இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரித்துவிடுங்கள்.