ஃப்யூஷன் ப்ராஜெக்ட்டுக்கு வெளியாள் ஒருவரை அழைத்தேன்: உள்ளே வந்துவிட்டேன் என்கிறார், ஆனால் அவருக்கு ஒரு கோப்பும் தெரியவில்லை

கேள்வி

வணக்கம். நானும் என் சக வடிவமைப்பாளரும் ஆட்டோடெஸ்க் ஃப்யூஷன் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் ஒரே ஹப்பின் (குழுவின் ப்ராஜெக்ட்டுகள் அனைத்தும் இருக்கும் பொது இணைய இடம்) கீழ் நான்கு ப்ராஜெக்ட்டுகளை வைத்து வேலை செய்து வருகிறோம். அவற்றில் ஒன்று சிறிய கியர்பாக்ஸ். அதன் மேல்மூடியைப் பிளாஸ்டிக்கில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் முறையில் (உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி) செய்ய இருப்பதால், வெளியே இருக்கும் மோல்டு (அச்சு) வடிவமைப்பாளர் ஒருவரை அந்த ஒரு ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் மின்னஞ்சல் வழியாக அழைத்தேன். மின்னஞ்சலில் வந்த இணைப்பைச் சொடுக்கி உள்ளே நுழைந்துவிட்டதாக அவர் சொல்கிறார்; ஆனால் அவருடைய டேட்டா பேனலில் அவருடைய சொந்தக் கோப்புகளைத் தவிர வேறெதுவும் இல்லை. என் பக்கத்து உறுப்பினர் பட்டியலிலோ, அவருக்கான அழைப்பு இன்னும் நிலுவையில் இருப்பதாகவே காட்டுகிறது. மூன்று முறை அழைப்பை மறுபடி அனுப்பியும் பயனில்லை.

மற்ற மூன்று ப்ராஜெக்ட்டுகளும் வேறு வாடிக்கையாளர்களுடையவை. அவற்றின் பெயர்கூட இவர் கண்ணில் படக் கூடாது என்பதால், பொறுமையிழந்து முழு ஹப்பிலும் சேர்த்துவிடத் துணியவில்லை. எங்கே தவறுகிறேன் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்

முழு ஹப்பிலும் சேர்க்காமல் நிறுத்தியது நல்லது, அப்படியே இருங்கள். ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் அழைக்கப்பட்டவருக்கு அந்த ப்ராஜெக்ட் மட்டுமே தெரியும். ஹப்பின் உறுப்பினராகவே சேர்க்கப்பட்டவருக்கோ, எல்லா உறுப்பினருக்கும் திறந்து வைக்கப்பட்ட ப்ராஜெக்ட்டுகளும் கண்ணில் படும்.

அவர் உள்ளே நுழைந்ததாகச் சொல்லியும் அழைப்பு நிலுவையிலேயே இருக்கிறதென்றால், நீங்கள் அழைத்த முகவரியும் அவர் நுழைந்த கணக்கின் முகவரியும் வேறுவேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உலாவியில் ஏற்கெனவே ஒரு கணக்கு திறந்திருக்கும்போது இணைப்பைச் சொடுக்கினால், அந்தக் கணக்கோடுதான் அவர் உள்ளே போவார்; அழைப்போ வேறொரு முகவரிக்காகக் காத்துக் கிடக்கும். அதை எத்தனை முறை மறுபடி அனுப்பினாலும் அதே முகவரிக்குத்தான் போய்ச் சேரும். ஃப்யூஷனில் வலது மேல் மூலையில் உள்ள தன் பெயரைச் சொடுக்கி, கணக்கு விவரத்தில் எந்த மின்னஞ்சல் இருக்கிறது என்று அவரையே எழுத்துப் பிசகாமல் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பழைய அழைப்பை நீக்கிவிட்டு அந்த முகவரிக்குப் புதிதாக அனுப்புங்கள். அவர் அதை மறைநிலைச் சாளரத்தில் திறந்து ஏற்கட்டும்.

ஏற்றுக்கொண்ட பிறகும் டேட்டா பேனல் அவருடைய சொந்த ஹப்பையே காட்டிக்கொண்டிருக்கும். பேனலின் உச்சியில் உள்ள ஹப் பெயரைச் சொடுக்கினால் ஒரு பட்டியல் விரியும். அதில் உங்கள் ஹப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் ப்ராஜெக்ட் தெரியும். பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

கேட்டவர்

மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே நடந்திருக்கிறது. நான் அழைத்தது அவருடைய அலுவலக முகவரியை. அவருடைய கணக்கோ பல ஆண்டுகளுக்கு முன் சொந்த முகவரியில் தொடங்கியது. புதிய அழைப்பை ஏற்று, ஹப்பையும் மாற்றியதும் ப்ராஜெக்ட் தெரிந்துவிட்டது.

ஆனால் அசெம்பிளியை, அதாவது எல்லாப் பாகங்களையும் சேர்த்துக் காட்டும் கோப்பை, திறக்கும்போது மேல்மூடியும் அடிக்கூடும் மட்டும் சரியாக வருகின்றன. பேரிங்குகளும் மோட்டார் தாங்கியும் இருக்க வேண்டிய இடங்களில் எச்சரிக்கைக் குறிதான் நிற்கிறது. எங்கள் இருவர் கணினியிலும் அதே கோப்பு முழுமையாகத் திறக்கிறது.

வேறொருவர் பதில்

அந்தப் பாகங்கள் வேறொரு ப்ராஜெக்ட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அசெம்பிளி அவற்றைத் தனக்குள் வைத்திருப்பதில்லை, வெளியே இருக்கும் அவற்றின் கோப்புகளைச் சுட்டிக்கொண்டிருக்கிறது. சுட்டப்படும் கோப்பைத் திறக்கும் உரிமை அவருக்கு இல்லையென்றால் இடம் காலியாகத்தான் இருக்கும். உங்களுக்கு எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் உரிமை இருப்பதால் இந்தக் குறை உங்கள் திரையில் ஒருபோதும் தெரியாது.

இதற்காக அந்த மற்றொரு ப்ராஜெக்ட்டையும் அவருக்குத் திறந்துவிடாதீர்கள். மோட்டார் தாங்கி இந்தக் கியர்பாக்ஸுக்கு மட்டுமே உரியது என்றால், அதை இந்த ப்ராஜெக்ட்டுக்கு நகர்த்துங்கள், நகலெடுக்க வேண்டாம். ஒரே ஹப்புக்குள் நகர்த்தினால் சுட்டுதல் அறுபடாது. நகலெடுத்தாலோ அது தனிக் கோப்பாகிவிடும், மூலத்தில் செய்யும் திருத்தம் எதுவும் அதற்கு வந்து சேராது. பேரிங்கு, திருகாணி போன்ற வாங்கும் பாகங்களில் மறைக்க ஒன்றுமில்லை என்பதால், அவற்றுக்கென்று தனி ப்ராஜெக்ட் ஒன்றை ஒதுக்கி, வெளியிலிருந்து வருபவர்களுக்கு அதில் பார்க்கும் உரிமை மட்டும் கொடுப்பது என் வழக்கம்.

மூன்றாமவர் பதில்

குறுக்கே ஒரு கேள்வி: அவர் உள்ளே வந்துதான் ஆக வேண்டுமா? மோல்டு வடிவமைப்பாளருக்கு வேண்டியது வடிவம் மட்டுமே என்றால், மேல்மூடியை மட்டும் ஐஎஸ்ஓ 10303 தரத்தின்படியான ஸ்டெப் கோப்பாக (பல வடிவமைப்பு மென்பொருள்களிலும் திறக்கும் பொதுக் கோப்பு வகை) அனுப்பிவிடலாம். அதில் ஸ்கெட்ச்சோ (அடிப்படை வரைபடம்) அம்ச வரலாறோ (பாகம் படிப்படியாக உருவான பதிவு) போகாது. உங்கள் வடிவமைப்பு முறை உங்களிடமே இருக்கும். பார்த்துக் கருத்துச் சொன்னால் போதும் என்றால், கடவுச்சொல் இட்டுப் பதிவிறக்கத்தைத் தடுத்த பகிர்வு இணைப்பே போதுமானது.

உரிமையை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். ஆனால் அதற்குள் அவர் இறக்கி வைத்துக்கொண்ட கோப்பைத் திரும்பப் பெற முடியாது. ஆன்ஷேப் என்ற மற்றொரு வடிவமைப்பு மென்பொருளுக்கு மாறலாமா என்ற எண்ணம் இருந்தால் ஒன்று: அதன் இலவசத் திட்டத்தில் உருவாக்கும் ஆவணங்கள் எல்லோருக்கும் பொதுவானவை, வாடிக்கையாளர் வேலைக்கு அது ஒத்துவராது.

கேட்டவர்

ஸ்டெப் கோப்பைத்தான் முதலில் அனுப்பினோம். மூடியின் உட்பக்க விலா எலும்புகளுக்கு (வலுவூட்டும் மெல்லிய தடுப்புகள்) நாங்கள் கொடுத்திருந்த டிராஃப்ட் கோணம் (பாகம் அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்கான சாய்வு) அரை டிகிரி. அந்தச் சொரசொரப்பான பரப்புக்கு அது போதாது, பாகம் அச்சில் ஒட்டிக்கொள்ளும் என்றார் மோல்டு வடிவமைப்பாளர். அவர் தன் பிரதியில் மாற்ற, நாங்கள் எங்கள் பிரதியில் வேறெதையோ மாற்ற, இரண்டும் பொருந்தாமல் போன பிறகுதான் உள்ளேயே அழைப்பது என்று முடிவு செய்தோம். ஆகவே திருத்தும் உரிமை அவருக்குத் தேவைதான்.

முதலில் பதிலளித்தவர்

அப்படியானால் அவர் கை வைப்பதற்கு முன் கோப்பைச் சேமித்து, அந்தப் பதிப்பின் குறிப்பில் வெளியாள் திருத்தத்துக்கு முந்தைய நிலை என்று எழுதி, மைல்கல்லாகக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு சேமிப்பும் தனிப் பதிப்பாக நிற்கும் என்றாலும், குறிப்பில்லாத நாற்பது பதிப்புகளுக்குள் சரியான ஒன்றைத் தேடுவது எளிதன்று. மேல்மூடி தனிக் கோப்பாகவே இருக்கட்டும். அவர் அதில் இருக்கும்போது நீங்கள் அடிக்கூட்டில் வேலை செய்யுங்கள். ஆன்ஷேப்பைப் போல இருவர் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் வரையலாம் என்று எண்ணிவிட வேண்டாம்.

கேட்டவர்

மோட்டார் தாங்கியை நகர்த்தினேன், பேரிங்குகளைத் தனி ப்ராஜெக்ட்டில் வைத்தேன். அவருக்கு இப்போது அசெம்பிளி முழுமையாகத் திறக்கிறது. நேற்று விலா எலும்புகளை ஒன்றரை டிகிரிக்கு மாற்றிச் சேமித்ததாகச் சொன்னார். என் அசெம்பிளியில் பழைய மூடியே இருந்ததைப் பார்த்து மறுபடி அழைப்புக் கோளாறோ என்று சற்றுப் பதறினேன். பாகத்தின் பெயருக்கு அருகில் மஞ்சள் குறி இருந்ததைக் கவனித்துப் புதிய பதிப்பைப் பெறும் கட்டளையைக் கொடுத்தவுடன் மாற்றம் வந்துவிட்டது. மற்ற மூன்று ப்ராஜெக்ட்டுகளின் பெயர்கள் தெரியவில்லை என்பதை அவருடைய திரைப்பிடிப்பை வாங்கிப் பார்த்தும் உறுதிசெய்துகொண்டேன். அனைவருக்கும் நன்றி.