ஆலிஸ் கூப்பரின் 'புரூட்டல் பிளானட்': இருட்டா, இரைச்சலா?

பழைய ரெக்கார்டு:
அமெரிக்க ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் 1994-இல் போட்டது 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன்'. அதற்கடுத்த ஸ்டூடியோ ஆல்பத்துக்கு ஆறு வருடம் காத்திருந்தோம். 2000-இல் வந்தது 'புரூட்டல் பிளானட்'. 52 வயதில் மனிதர் ஏன் இருபது வயதுப் பையன்களின் கனத்த இசையைச் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நேற்று இரவு மறுபடி கேட்டேன். முதல் பாட்டிலேயே கிட்டார் சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது. குரல் அதற்குப் பின்னால் நின்று மல்லுக்கட்டுகிறது. ஆலிஸின் சொத்தே வார்த்தைகள்தான், அதைப் போய் நசுக்கலாமா? இதற்குப் பெயர் இருட்டு இல்லை, இரைச்சல்.

டிராப் டி:
ஐயா, அந்தப் பையன்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்ததே இவர்தானே! கண்ணைச் சுற்றி மை, மேடையில் தலை வெட்டும் கில்லட்டின், பெண் பெயர் வைத்த ஆண் பாடகர். பின்னால் வந்த பாடகர்கள் மர்லின் மான்சனுக்கும் ராப் ஸாம்பிக்கும் இதெல்லாம் எங்கிருந்து கிடைத்தது? 1996-இல் ஸாம்பியோடு சேர்ந்து ஒரு பாட்டே பாடியிருக்கிறார். கொடுத்த கடனை வட்டியோடு வசூலித்தார், அவ்வளவுதான்.

பழைய ரெக்கார்டு:
அவர்கள் வாங்கியது ஒப்பனையை. இவர் திருப்பி வாங்கியது சத்தத்தை. இரண்டும் ஒரே கணக்கா?

1971-இல் வந்த 'பேலட் ஆஃப் ட்வைட் ஃப்ரை'யைக் கேளுங்கள். அப்பா எங்கே என்று ஒரு சின்னப் பெண் கேட்பதோடு தொடங்கும். பின்னால் பியானோ, அவ்வளவே. மனநோய் விடுதியில் அடைபட்டவன் பாடுகிறான். முதலில் முணுமுணுப்பு. வெளியே போக வேண்டும், வெளியே போக வேண்டும் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் அலறுவான். நடுவில் வரும் அமைதிதான் பயமுறுத்தும். புதியதில் அந்த இடைவெளியே கிடையாது. அதோடு பழைய ஆலிஸ் பயமுறுத்திவிட்டுக் கண்ணடிப்பார். இதில் அந்தச் சிரிப்பும் காணோம்.

நள்ளிரவு வானொலி:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். கனமான ஒலி அவருக்கு 2000-இல்தான் வந்ததா என்ன? 1986-இல் 'கன்ஸ்ட்ரிக்டர்', மறு வருடம் 'ரெய்ஸ் யுவர் ஃபிஸ்ட் அண்ட் யெல்', இரண்டுமே மெட்டல் என்ற கனத்த ராக்தான். அப்புறம் 1989-இல் ஹிட் பாட்டுகள் எழுதும் டெஸ்மண்ட் சைல்டோடு 'ட்ராஷ்', அதில் 'பாய்சன்' பெரிய ஹிட். எந்தக் காலத்தில் எது ஓடுகிறதோ அதைப் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். அப்போது யாரும் கோபப்படவில்லையே.

பழைய ரெக்கார்டு:
நான் அப்போதும் கோபப்பட்டேன். கேட்கத்தான் ஆளில்லை.

டிராப் டி:
:) சரி, விஷயத்துக்கு வருவோம். நான் கிட்டார் வாசிக்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். தந்தியைத் தளர்த்தி ஸ்ருதியை இறக்கினால் ஸ்வரம் லேசாகத் தள்ளாடும். இந்த மாதிரி இசையில் வேகமாக ஓடாமல், இரண்டு மூன்று ஸ்வரத்திலேயே ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டை, முடித்துவிடுவார்கள். ஒரே இடத்தில் நின்று மிதிப்பது மாதிரி இருக்கும். இந்த ஆல்பம் பேசுவது பசி, போர், வீட்டுக்குள் அடிவாங்கும் பெண், பள்ளிக்குள் துப்பாக்கி. இதற்குத் துள்ளும் கிட்டார் பொருந்துமா?

இன்னொன்று. அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் மற்றவர்களைச் சுட்டுக் கொன்றது 1999 ஏப்ரலில். பாட்டுதான் காரணம், வீடியோ கேம்தான் காரணம் என்று அப்போது ஊரே கத்தியது. 'விக்கட் யங் மேன்' பாட்டில் அந்த மாதிரி ஒரு பையனையே பேச வைக்கிறார். நான் பார்த்த படமும் இல்லை, கேட்ட பாட்டும் இல்லை, நான் கெட்டவன், அவ்வளவுதான் என்கிறான். இதற்குக் கண்ணடித்தால் நானே சிடியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

சிரிப்பே இல்லை என்றும் சொல்லாதீர்கள். 'இட்ஸ் த லிட்டில் திங்ஸ்' இருக்கிறது. காரைத் திருடி ஏரியில் இறக்கினாலும் பரவாயில்லையாம், சின்னச் சின்ன விஷயங்கள்தான் அவரைக் கிறுக்காக்குமாம். நடுவில் தன் பழைய பாட்டுகளின் பெயரையே இழுத்துக் கிண்டலடிக்கிறார்.

பழைய ரெக்கார்டு:
அந்த ஒரு பாட்டு ஒப்புக்கொள்கிறேன்.

நள்ளிரவு வானொலி:
'பிக் அப் த போன்ஸ்' பற்றி ஏன் யாருமே பேசவில்லை? ஒருவன் தன் குடும்பத்தின் எலும்புகளைப் பழைய தலையணை உறையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறான். ஒவ்வொன்றாக எடுத்து யாருடையது என்று பார்க்கிறான். எனக்கு அந்தத் தலையணை உறைதான் மறக்கவே மாட்டேன் என்கிறது. பெட்டியோ சாக்கோ இல்லை, யாரோ தலை வைத்துப் படுத்த துணி.

பழைய ரெக்கார்டு:
பாருங்கள், என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள்! அந்தப் பாட்டு எப்படித் தொடங்குகிறது? அடங்கிய குரலில், கிட்டத்தட்ட தாலாட்டு மாதிரி. அதனால்தான் தலையணை உறை உங்கள் காதில் விழுந்தது. முதல் நொடியிலிருந்தே சுவர் எழுப்பியிருந்தால் விழுந்திருக்குமா?

டிராப் டி:
மற்ற பாட்டெல்லாம் அவ்வளவு கனமாக இருப்பதால்தான் இங்கே வரும் அமைதி உறைக்கிறது. தனியாக எடுத்துக் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

பழைய ரெக்கார்டு:
அப்படியானால் 2003-இல் 'தி ஐஸ் ஆஃப் ஆலிஸ் கூப்பர்' எதற்கு? பழைய கராஜ் ராக்குக்கே, அந்த மெருகில்லாத எளிய ராக்குக்கே, திரும்பி ஓடி வந்துவிட்டாரே.

டிராப் டி:
ஓடி வரவில்லை. 2001-இல் 'ட்ராகன்டவுன்' என்று இதற்குத் தொடர்ச்சியே போட்டு, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்தார்.

பழைய ரெக்கார்டு:
இன்னொன்று வேறு இருக்கிறதா! 'பிக் அப் த போன்ஸ்' மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். மீதிச் சுவரையெல்லாம் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.